சிலைக்குத் தீபம், சித்திரத்துக்குச் சீற்றமா?

கார்த்திகைத் தீபத்தன்று மாலை திருவண்ணாமலைக் கோயிலில் என்ன நடக்கிறது என்பதை இந்த மாவட்டத்தில் அறியாதார் இல்லை. ஆண்டு முழுதும் சன்னதிக்குள்ளேயே இருக்கும் அர்த்தநாரீசுவரர், பாதி ஆண், பாதி பெண்ணாக வடிக்கப்பட்ட அந்த உருவம், அன்று ஒருநாள், அதுவும் சில நிமிடங்கள் மட்டும் வெளியே ஆடி வருகிறது. அதே வேளையில் 2,668 அடி உயர மலை உச்சியிலே கொப்பரை பற்றி எரிகிறது. இலட்சக்கணக்கானோர் கரங் குவிக்கின்றனர்; கண்ணீர் உகுக்கின்றனர்.

பக்தி கொள்வோர் கொள்ளட்டும். அதைப் பற்றியல்ல நமது பேச்சு. அந்தச் சில நிமிடம் கண்டு கசிந்துருகிய பெரியவர், வீடு திரும்பியதும், தம் மகன் நடையிலே நளினம் தெரிகிறது என்பதற்காக இடுப்பு வாரை உருவுகிறாரே, அது எந்த நியாயம்? கல்லிலே கண்டால் கடவுள். பிள்ளையிலே கண்டால் களங்கமா? அண்டை மாவட்டமாம் கள்ளக்குறிச்சியின் கூவாகத்திலே சித்திரை மாதத்தில் திருநங்கையர் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுவதைப் பார்க்க வண்டி கட்டிப் போனவர்கள்தாமே நாம்! வேடிக்கை பார்க்கப் போனோம். அந்த அழுகைக்குரியவர் மற்ற நாட்களில் எங்கே உறங்குகிறார், யாரை நேசிக்கிறார், யாரால் விரட்டப்பட்டார் என்று கேட்டோமா?

அந்தக் கேள்வியை இன்று கேட்பவை, தோழர்களே, படக்கதைகள்! ஆம், சிறுவர் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிய அதே படக்கதைகள்தாம்.

சிரிக்க வேண்டாம். 1954-ல் அமெரிக்காவிலே வெர்தாம் என்ற மனநல மருத்துவர் தடித்த நூலொன்று எழுதினார். படக்கதை பிள்ளைகளைக் கெடுக்கிறது, பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் வாழ்வது தன்பால் காதலைத் தூண்டுகிறது என்று குற்றம் சாட்டினார். பதிப்பாளர்கள் நடுங்கி, தமக்குத் தாமே கட்டுப்பாட்டு விதி வகுத்துக் கொண்டனர். அந்த வகைக் காதலின் சாயலே கூடாது என்றனர். அந்தத் தடை 1989 வரை நீடித்தது. ஆனால் தடுக்கப்பட்டவர்கள் சும்மா இருந்தார்களா? ஹோவர்ட் குரூஸ் என்ற ஓவியர் 1980-ல் தம்மைப் போன்றோர் வரைந்த கதைகளைத் தொகுத்துத் தனி இதழே தொடங்கினார். இன்றும் அங்கே கூச்சல் ஓயவில்லை. மையா கோபாபே தம் பாலினத் தேடலை வரைந்த நூல், 2021, 2022, 2023 என மூன்றாண்டுகள் தொடர்ந்து, நூலகங்களிலிருந்து அகற்றச் சொல்லி மிக அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல் என்று அந்நாட்டு நூலகச் சங்கமே அறிவித்தது. வெர்தாமின் பேரப்பிள்ளைகள் பிழைத்துத்தான் இருக்கிறார்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். 2008-ல் அமிர்தா பாட்டீல் எழுதி, தாமே வரைந்த 'கரி' வெளிவந்தது. ஆங்கில நூல். கரி ஒரு விளம்பர நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண். நெரிசலான வீட்டில் பங்குக்கு இடம் பிடித்து வாழ்பவள். அவள் நேசிப்பது ரூத் என்ற இன்னொரு பெண்ணை. கதை தொடங்கும்போதே இருவரும் மாடியிலிருந்து குதிக்கிறார்கள், இருவரும் பிழைக்கிறார்கள், ரூத் ஊரை விட்டே போய்விடுகிறாள். எஞ்சியவள் எப்படி வாழ்கிறாள் என்பதுதான் முழு நூலும். கறுப்பு மையிலே நகரத்தின் சாக்கடையும் புகையும் மூச்சு முட்ட வைக்கும். திடீரென ஒரு பக்கத்தில் வண்ணம் பூக்கும். முடிவிலே கரி சாவதில்லை. காதல் மாறவில்லை, ஆனால் யாருக்காகவும் இனிக் குதிப்பதில்லை என்ற இடத்துக்கு வந்து நிற்கிறாள்.

இதிலென்ன பெருமை என்பீர்கள். அதே 2008-ல், சென்னையிலே, ஒருவரையொருவர் பிரிய மறுத்த இரு பெண்கள், குடும்பத்தாரின் எதிர்ப்புக்கிடையே தம் உயிரை மாய்த்துக் கொண்டனர் என்று ஏடுகளில் செய்தி வந்தது. எளிய குடும்பத்துப் பெண்கள். நாலு வரிச் செய்தி; மறுநாள் மறந்தோம். கதையிலே பிழைத்தாள் ஒருத்தி. ஊரிலே பிழைக்கவில்லை இருவர். பிழைத்தவளின் கதை அவர்கள் கைக்கு எட்டும் மொழியில் இருந்திருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஆனால் நம்மைப் போல் இன்னொருத்தி இருக்கிறாள், அவள் வாழ்கிறாள் என்று அறிவதும் அறியாமல் இருப்பதும் ஒன்றல்லவே!

இன்னொரு நூலைச் சொல்லியாக வேண்டும். குடும்பஸ்தர்களான நமக்கென்றே வரைந்ததோ என்று தோன்றும். சப்பான் நாட்டு ஓவியர் கெங்கோரோ தகாமே 2014 முதல் 2017 வரை தொடராக எழுதியது. 'என் சகோதரனின் கணவர்' என்பது பெயரின் பொருள். யாயிச்சி தனியாக மகளை வளர்க்கும் தகப்பன். வெளிநாடு போன இரட்டைச் சகோதரன் இறந்துவிட்டான். ஒருநாள் வாசலிலே ஒரு மலை போன்ற கனடாக்காரர் வந்து நிற்கிறார். 'நான் உங்கள் சகோதரரின் கணவர்' என்கிறார்! தகப்பனுக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. சிறுமி கானாவுக்கோ கொண்டாட்டம்: எனக்கு ஒரு மாமா! ஆணும் ஆணும் மணக்கலாமா, யார் கணவன், யார் மனைவி என்று அவள் கேட்கிறாள். அவர் சிரித்தபடி சொல்கிறார், இருவருமே கணவர்தாம் என்று. பிள்ளை 'ஓகோ' என்று விளையாடப் போய்விடுகிறது. திணறுவது பெரியவர்தாம்.

யாயிச்சி கொடியவரல்ல. சகோதரன் தன்னைப் பற்றிச் சொன்ன நாளில் அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் உறவு மெல்ல மெல்ல அற்றுப்போனது. பிணமான பின்பு உணர்கிறார். நம் வீடுகளில் எத்தனை மௌனம், எண்ணிப் பாருங்கள்! அண்டை வீட்டுத் தாய் தன் மகளை அந்த வீட்டுக்கு அனுப்ப மறுப்பதும், பையன் ஒருவன் யாரும் அறியாமல் வந்து அந்த விருந்தாளியிடம் தன் மனத்தைத் திறப்பதும், நம் தெருவிலும் நடக்கக் கூடியவையே.

'இதெல்லாம் மேல்தட்டார் பொழுதுபோக்கு, பாட்டாளிக்கு ஏது இது?' என்று ஒரு தோழர் கேட்கக் கூடும். ஆரணியிலே பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கு மனம் இல்லையா, செங்கத்துச் செங்கல் சூளையிலே மண் மிதிப்பவளுக்குக் காதல் கிடையாதா? பணம் உள்ளவன் பிள்ளை ஊரை விட்டுப் போய் வாழ்ந்து கொள்வான். இல்லாதவன் பிள்ளைக்கு ஊரே சிறை. மேல்தட்டுக்குரியது அந்தக் காதலல்ல; அதைச் சொல்லும் நூலின் ஆங்கிலமும் விலையும்தான்.

சட்டம் நம்மை முந்திவிட்டது. 2008-ல் தமிழ்நாடு திருநங்கையருக்கு நல வாரியம் கண்டது. வெள்ளையன் 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, மனமொத்த இருவரின் உறவைத் தண்டிக்க இயலாதென உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்பளித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரு பெண்களின் வழக்கிலே, தமக்கே இது பற்றி முன்பு தெளிவில்லை என்று சொல்லி, மனநல நிபுணரிடம் பாடம் கேட்டு, பின் தீர்ப்பெழுதினார். ஒரு நீதிபதி கற்றுக்கொள்ள முன்வந்தார். நமக்கென்ன கிரீடம் கழன்றுவிடும்?

தமிழால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1972-ல் சிவகாசியின் முத்து காமிக்ஸ், இங்கிலாந்துக்காரனை இரும்புக்கை மாயாவியாக்கி நம் பிள்ளைகளோடு தமிழ் பேச வைத்தது. ஈரான் நாட்டுப் பெண்ணொருத்தி வரைந்த தன்கதையைக் கோவையின் விடியல் பதிப்பகம் தமிழில் தந்தது. லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய 'நான் வித்யா' 2007-ல் தமிழில் வந்து, கன்னடத்திலே திரைப்படமாகி விருதும் பெற்றது. அது படக்கதையாகக் கூடாதா? நம்மிடம் சுவரெழுதும் ஓவியர்கள் இல்லையா? கிளர்ச்சிக்காகக் கண்டதை வரைந்து காசு பார்க்கும் சரக்கும் உண்டு. அதை நாம் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் ஒருவர் ஏட்டைப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட படிப்பகங்கள் நம்முடையவை. எழுத்தறியாதவரும் படம் பார்த்து அறிவார். 'கரி'யும், அந்தச் சப்பான் கதையும், வித்யாவின் வாழ்வும் தமிழ்ப் படக்கதையாக, மலிவுப் பதிப்பாக வரவேண்டும் என்று பதிப்பாளருக்கு எழுதுங்கள். வந்தால் வாங்கும்படி மாவட்ட மைய நூலகத்தில் பரிந்துரை கொடுங்கள். நம் படிப்பகத்துக்கும் ஒரு படி வாங்குங்கள். அலமாரியிலே பூட்டி வைக்காமல், பையன்கள் கேட்காமலே எடுத்துப் பார்க்கும்படி மேசைமேல் வையுங்கள்.