கறுப்புப் பட்டையும் ஒன்பது தோல்விகளும்

ஒரு கல்லூரி அணி சரிந்தால் ஆட்டக்காரர்களிடம்தான் முதலில் குறை தேடுகிறோம். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகக் கால்பந்து அணி சரிந்ததோ பயிற்சியாளரால்.

1969 அக்டோபர். அமெரிக்கக் கால்பந்தில் அந்த அணி முதல் நான்கு ஆட்டங்களையும் வென்றிருந்தது. அடுத்து, மார்மன் திருச்சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துடன் மோத வேண்டும். அந்தத் திருச்சபை அன்று கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் தர மறுத்தது. கருவறை வாசலில் நிறுத்தப்படும் வலி நமக்குத் தெரியாததா?

இதை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிவது பற்றிப் பேசப் போனார்கள் 14 கறுப்பின வீரர்கள். பயிற்சியாளர் லாயிட் ஈட்டன் 14 பேரையும் அணியைவிட்டே நீக்கினார்.

அடுத்த இரண்டு ஆட்டங்களில் வெற்றி. கடைசி நான்கிலும் தோல்வி. 1970இல் ஆடியது பத்து, வென்றது ஒன்று. ஈட்டனின் பயிற்சியாளர் பதவியும் அத்தோடு முடிந்தது. 1966 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம் வென்று தந்தவர் அவர். திறமைக்குக் குறைவில்லை, கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்கும் மனம்தான் இல்லை.

திருச்சபை 1978இல் தடையை நீக்கியது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்க 2019 ஆனது. உரிமை கேட்கும் மாணவரை ஒதுக்கும் நம் ஊர்க் கல்லூரிகளும் 50 ஆண்டுகள் காத்திருக்கப் போகின்றனவா?