காத்திருக்க வைக்கும் காதல்கள்

தொலைக்காட்சித் தொடரில் வரும் இருவர் ஒருவரையொருவர் விரும்புவது பார்ப்போர் அனைவருக்கும் தெரிந்திருக்கும். அவ்விருவர் மட்டும் அதை வாய்திறந்து சொல்லமாட்டார்கள். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நீளும் காதல்களுடன் பார்வையாளர் கொள்ளும் பிணைப்பை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட இயலாது.

இதற்குத் தக்க உதாரணம், 1993 செப்டெம்பரில் அமெரிக்காவின் பொக்ஸ் தொலைக்காட்சியில் ஆரம்பமான ‘எக்ஸ் பைல்ஸ்’. விளக்கவியலா மர்மங்களை ஆராயும் மல்டர், ஸ்கலி என்ற இரு புலனாய்வாளரின் கதை அது. அவர்களிடையே காதல் வேண்டாம் என்பதே தொடரை உருவாக்கிய கிறிஸ் காட்டரின் ஆரம்ப நிலைப்பாடு. ரசிகர்களோ, இணைய வேண்டும் என்போரும் கூடாது என்போருமாக இரண்டுபட்டனர். முதற் சாராருக்கு வழங்கிய ‘ஷிப்பர்’ என்ற பெயர், உறவு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். இன்று இத்தகைய ரசிகர் அனைவரையும் அது குறிக்கின்றது. 1998இல் வெளிவந்த திரைப்படத்தில் இருவரும் முத்தமிட நெருங்கும் கணத்தில் ஸ்கலியைத் தேனீ கொட்டிவிடுகின்றது. தொடரில் அவர்களது புத்தாண்டு முத்தம் இடம்பெற்றதோ 1999 நவம்பரில்தான். ஆறு ஆண்டுக் காத்திருப்பு!

தயாரிப்பாளர் இவ்வாறு தாமதிப்பதற்குப் பழைய அச்சமொன்று காரணம். 1985இல் ஆரம்பமான ‘மூன்லைட்டிங்’ தொடரில், ஓயாது சண்டையிடும் நாயகனும் நாயகியும் 1987இல் இணைந்தனர். பின்னர் பார்வையாளர் தொகை சரிந்தது. 1989இல் தொடர் முடிவுற்றது. காதல் கைகூடினால் கதை செத்துவிடும் என்ற நம்பிக்கை அன்று வேரூன்றியது.

உண்மை வேறு. நாயகி சிபில் செப்பேர்ட் கர்ப்பமுற்றிருந்தார்; நாயகன் புறூஸ் வில்லிஸ் திரைப்படமொன்றில் நடிக்கச் சென்றார். இருவரும் ஒன்றாகத் தோன்றும் காட்சிகள் அருகின. 1988இல் எழுத்தாளர் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொண்டது. கதையைச் சாய்த்ததில் இணைவைவிடப் பிரிவுக்கே பங்கு அதிகம் எனலாம். ‘பிறேசியர்’ தொடரில் 1993 முதல் டப்னியை மனதுக்குள் நேசித்த நைல்ஸ், 2000இல் அவளுடன் இணைந்தான். தொடர் 2004 வரை நீடித்தது.

ஆகவே, பார்வையாளர் நேசிப்பது தாமதத்தை அன்று, இருவரின் தோழமையையே. ஸ்கலி புற்றுநோயுற்றபோது மல்டர் பட்ட தவிப்பு, எந்த முத்தத்தையும்விட ரசிகரை ஆழமாகத் தொட்டது.

கணவனோ மனைவியோ வந்துசேர அனுமதி கிடைக்கும் நாளை எண்ணியிருப்போர் நம்மிடையே பலர். காத்திருப்பில் இன்பம் ஏதுமில்லை என்பதை அவர்கள் அறிவார்கள். “சாப்பிட்டீர்களா?” என்று தொலைபேசியில் கேட்கும் குரல்தான் அதைத் தாங்கச் செய்கின்றது. அக்குரலை மறந்துவிட்டுத் தாமதத்தை மட்டும் நீட்டும் தொடரைப் பார்வையாளர் ஒருநாள் நிறுத்திவிடுவார்கள், அதில் வியப்பில்லை.