மீண்டெழும் கை – 7: காந்தம் பாதி, பயிற்சி மீதி

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நம் கரையோரத்தில் பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்தவர் இல்லாத தெரு அரிது. அந்த வீடுகளில் இப்போது புதிதாக ஒரு கேள்வி: "தலையில காந்தம் வெச்சா கை எழும்புமாமே, உண்மையா?" கைபேசியில் வரும் காணொளிகள் "ஆம்" என்று அடித்துச் சொல்கின்றன. நகையை அடகு வைத்தாவது வாப்பாவைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று பிள்ளைகள் யோசிக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கிழமைக் கட்டுரை.

மாறும் காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831இல் ஃபரடே கண்டார். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அன்தனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் அதை மனித மூளையில் செய்து காட்டினார்கள். தலைக்கு மேலே ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம் பலத்த மின்னோட்டத்தைப் பாய்ச்சுவார்கள். மண்டையோட்டைத் திறக்க வேண்டியதில்லை. உள்ளே ஓரிரு சென்டிமீற்றர் ஆழத்தில் நரம்புகள் தூண்டப்பட்டு, மறுபக்கக் கைவிரல் துடிக்கும். கடையில் விற்கும் காந்த வளையலுக்கும் காந்தப் படுக்கைக்கும் இதனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பாரிசவாதத்துக்கு இது எப்படி உதவும்? மூளையின் இரு பாதிகளும் கயிறிழுக்கும் இரண்டு அணிகள்போல ஒன்றையொன்று அடக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பக்கம் அடிபட்டதும் நல்ல பக்கத்தின் இழுப்பு மிஞ்சிவிடுகிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. எனவே நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் கொடுத்து நல்ல பக்கத்தைத் தணிக்கலாம். அல்லது வேகமான துடிப்புகளால் அடிபட்ட பக்கத்தை எழுப்பலாம். சிறிய ஆய்வுகள் பல நம்பிக்கை தந்தன.

பிறகு வந்தது பெரிய சோதனை. அமெரிக்காவின் 12 நிலையங்களில், பாரிசவாதம் வந்து 3 முதல் 12 மாதமான 199 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்கு உண்மையான காந்தத் தூண்டல், மற்றவர்களுக்குப் போலித் தூண்டல். 18 அமர்வுகளிலும் தூண்டலுக்குப் பின் எல்லாருக்கும் ஒரு மணித்தியாலக் கைப்பயிற்சி. 2018இல் வந்த முடிவு: உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதத்தினரின் கை குறிப்பிடத்தக்க அளவு தேறியது, போலித் தூண்டல் பெற்றவர்களில் 65 சதவீதத்தினருக்கும் அப்படியே. காந்தத்தால் வித்தியாசம் வரவில்லை. ஆனால் இரு அணிகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர், அதுவும் மாதங்கள் கடந்த பிறகு, தேறியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்தது அந்தப் பயிற்சி. "இனி இந்தக் கை அவ்வளவுதான்" என்று கைவிட்ட வீடுகள் இந்த எண்களை மறக்கக் கூடாது.

அதற்காகக் காந்தத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. ஆய்வுகள் இப்போது காலத்தின்மேல் கண் வைத்திருக்கின்றன. நெதர்லாந்தில் 60 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாரிசவாதம் வந்து மூன்று கிழமைக்குள் தொடங்கி, நல்ல பக்கத்தைத் தணிக்கும் 10 நாள் தூண்டலைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களின் கை போலித் தூண்டல் பெற்றவர்களைவிட நன்றாக இயங்கியது என்று 2023இல் அறிவித்தார்கள். ஆளுக்கேற்ற சிகிச்சை என்பது அடுத்த திசை. பாதிப்பு மிகக் கடுமையானவர்களுக்கு நல்ல பக்கமே கைகொடுக்கக்கூடும்; அதைத் தணிப்பது தவறாகலாம். நியூசிலாந்தில் கெத்தி ஸ்டினியரின் குழு, முதற் கிழமையிலேயே காந்தத்தால் தட்டி, கைத்தசைக்குச் செய்தி போய்ச் சேருகிறதா என்று பார்க்கிறது. கை எவ்வளவு மீளும் என்று முன்கூட்டிச் சொல்ல அது உதவுகிறது.

பயிற்சியை வீட்டாரே கொடுத்துவிடலாமா? இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 பேரிடம் இதைச் சோதித்தார்கள். லூதியானாவின் ஜெயராஜ் பாண்டியன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஒரு பிரிவினரின் குடும்பத்தவருக்குச் சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்ய வைத்தார்கள்; மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்ந்தவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 சதவீதம். வழக்கமான கவனிப்பை இது மிஞ்சவில்லை என்று 2017இல் தெரிந்தது. உம்மாவின் பாசமும் மகளின் பொறுமையும் பெரியவைதான். ஆனாலும் பயின்றவரின் கண் கூடவே இல்லாமல் அவர்கள்மேல் மட்டும் இந்தச் சுமையை ஏற்றுவது நியாயமில்லை.

எனவே நகையை அடகு வைக்குமுன் இவற்றைச் செய்யுங்கள். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, பிசியோதெரபிக்கு எந்த நாள், எங்கே வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சோறு பிசைவது, சாரன் உடுப்பது, வுழூச் செய்வது என்று அவர் திரும்பச் செய்ய ஆசைப்படும் வேலையையே சிகிச்சையாளரிடம் சொல்லி, அதையே பயிற்சியாக்கச் சொல்லுங்கள். காந்தச் சிகிச்சை தருவதாக யாரும் சொன்னால், அதோடு எத்தனை மணித்தியாலப் பயிற்சி தருவீர்கள் என்று கேளுங்கள். பயிற்சி இல்லை என்றால் திரும்பி வாருங்கள். வலிப்பு வந்தவர், தலைக்குள் உலோகமோ நெஞ்சில் பேஸ்மேக்கரோ வைத்தவர் அதை முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

நம் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியதும் இதுவே: கருவிக்கு முன் ஆட்கள். இந்தக் கரையோர வைத்தியசாலைகளுக்குப் போதிய பிசியோதெரபிஸ்டுகளும், அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் சிகிச்சையாளர்களும் வேண்டும். நாளை காந்தம் வந்தாலும் அது அவர்களின் கையில்தான் பயன் தரும்.

(அடுத்த கிழமை: பேச்சு இழந்தவர்கள்)