தில்லிக் கல்லூரியும் சின்னாளபட்டி மருத்துவமனையும்

ஒரு மருத்துவக் கல்லூரியின் பெருமையைப் பேசுவோர் அதன் பட்டதாரிகள் வகித்த பதவிகளையும் பெற்ற விருதுகளையும் எடுத்துரைப்பது வழக்கம். அவர்கள் கற்றது எந்த ஊரில் எவருக்குப் பயன்பட்டது என்னும் கேள்வியே நமக்கு முதன்மையானதாகத் தோன்றுகிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் திருப்பணியாற்றுவோர் இதற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மதுரைச் சாலையில் சின்னாளபட்டியை அடுத்துள்ள காந்திகிராமமே போதும்.

புதுதில்லியில் லேடி ஹார்டிஞ் மருத்துவக் கல்லூரி 1916-இல் பெண்களுக்கென்றே தொடங்கப்பெற்றது. ஆண் மருத்துவர் தம்மைப் பரிசோதிக்க இசையாத பெண்கள் பேறுகாலத்தில் மருத்துவமின்றி மாண்ட காலம் அது. திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வைத் திருப்பிய அந்த ஓரிரவின் மூன்று மரணங்களை வாசகர் அறிவர். அவர் 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவியதும் இக்காரணம் பற்றியே. தில்லிக் கல்லூரியில் முதலில் சேர்ந்தோர் 16 மாணவியரே. இறுதித் தேர்வுக்கு அவர்கள் லாகூருக்குச் செல்ல வேண்டியிருந்தது.

அக்கல்லூரியில் பயின்றவர்களுள் ஒருவர் டாக்டர் சௌந்தரம். மதுரைத் தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாகிய அவருக்கு இளமையிலேயே திருமணம் நடந்தது. மருத்துவரான கணவர் அவருடைய கல்வியை ஊக்குவித்தார். ஆனால் 1925-இல் பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்கையில் அந்நோய்க்கே இரையானார். அக்காலத்து வைதிகக் குடும்பத்தில் இளங்கைம்பெண்ணின் வாழ்வு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சௌந்தரமோ தில்லி சென்று, மகப்பேறு மருத்துவம் பயின்று, 1936-இல் பட்டம் பெற்றார். தந்தையின் செல்வம் இதற்குத் துணையாயிருந்தது உண்மையே. அதே செல்வம் நகரில் வசதியான தொழிலுக்கும் வழி திறந்திருக்கும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தில்லியில் உடன் பயின்ற சுசீலா நய்யாரின் வாயிலாகக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. 1940-இல் ஜி. இராமச்சந்திரனைச் சாதி கடந்து மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவரும் காந்திகிராமத்தை நிறுவினர். அங்கே சிறியதாகத் தொடங்கிய மருத்துவ நிலையமே கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது.

அந்த இடத்தில் அது அமைந்ததன் பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மகப்பேற்றுக்குப்பின் உண்டாகும் குருதிப்பெருக்கு இரண்டொரு மணி நேரத்தில் உயிரைப் பறிக்கவல்லது. குழந்தை குறுக்கே கிடக்கும்போதும் அறுவை சிகிச்சை அறிந்தவர் அருகிலிருந்தாலன்றித் தாய் பிழைப்பது அரிது. மாட்டுவண்டியில் நகரை அடைவதற்குள் காலம் கடந்துவிடும். நெசவாளரும் குடியானவரும் வாழும் ஊர்களின் நடுவே பெண் மருத்துவர் ஒருவர் இருப்பது, தொலைவு, கூச்சம் என்னும் இரு தடைகளையும் ஒருங்கே நீக்கிற்று. 1964-இல் காந்திகிராமத்தில் ஏற்பட்ட கிராமிய சுகாதார, குடும்பநல நிறுவனம், மருத்துவமனைக்கு வராத வீடுகளையும் சென்றடையும் ஊழியரைப் பயிற்றுவித்தது. சௌந்தரம் அம்மையார் சட்டமன்ற உறுப்பினர், 1962-இல் திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினர், மத்திய துணை அமைச்சர் எனவும் விளங்கினார். இப்பதவிகளையே பலர் நினைவுகூர்கின்றனர். மகப்பேறு மருத்துவரை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

இதே சமவெளியில், ஒட்டன்சத்திரத்தில், டாக்டர் ஏ.கே. தாரியனும் தோழர்களும் 1955-இல் கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனையைத் தொடங்கினர். காந்திய நெறியினரும் கிறிஸ்தவ நெறியினரும் ஒரே காலத்தில் ஒரே வகையான ஊர்களைத் தேர்ந்துகொண்டது கருதத்தக்கது. நம் சபைகளிலோ, ஒரு பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவுடன் ஸ்தோத்திர ஆராதனை நடத்துகிறோம். படிப்பு முடிந்தபின் அப்பிள்ளை எங்கே சென்றது என்று ஆயர் எவரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

சுசீலா நய்யார் 1942 முதல் ஆகாகான் மாளிகையில் காந்தியடிகளோடு சிறையிருந்தவர். 1962 முதல் 1967 வரை மத்திய சுகாதார அமைச்சர். தாம் கற்ற கல்லூரி போன்றதொன்றைச் சிற்றூரிலேயே காண விரும்பி, 1969-இல் சேவாகிராமத்தில் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அங்கே முதலாண்டு மாணவர் ஒவ்வோர் அணியினரும் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து, அவ்வூரிலேயே இரு வாரங்கள் தங்கி, வீடுவீடாகச் சென்று நோய்களைக் கேட்டு எழுதிக்கொள்கின்றனர்.