ஆண் தாழை கேளுங்கள்

தாழம்பூ ஆசையில் நர்சரிக்குப் போகிறவர்கள் ஒரு கேள்வியை மறந்துவிடுகிறார்கள்: கன்று ஆணா, பெண்ணா? தாழையில் இரண்டும் தனித்தனிச் செடிகள். பின்னலில் வைத்துத் தைப்பதும் புடவைப் பெட்டியில் போடுவதும் ஆண் பூங்கொத்தை மூடியிருக்கும் வெளிர்மஞ்சள் மடல்களைத்தான். பெண் தாழை அன்னாசிபோல ஒரு காயைத் தொங்கவிடும். அந்த மணத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. விதை போட்டு வளர்த்தாலோ, பூக்கும்வரை எது என்றே தெரியாது.

எனவே மழைக்காலத்தில் பூத்து நிற்கும் ஆண் புதரை அடையாளம் வைத்துக்கொண்டு, அதன் அடியில் கிளைத்த பக்கக்கன்றை வேரோடு பெயர்த்து வாருங்கள். மழை தொடங்கும்போது நட்டால் பிடித்துக்கொள்ளும். பூவுக்கு மூன்று நான்கு வருடம் பொறுக்க வேண்டும்.

இடம்தான் முக்கியம். தொட்டியில் வைத்து அழகு பார்க்கிற செடியல்ல இது. வாய்க்கால் ஓரம், குளத்துச் சரிவு, கடலோரத்து ஈரமணல் எல்லாம் அதற்குச் சொந்த வீடு. உப்புக்காற்றுக்கும் அசராது. தண்டிலிருந்து விழுதுபோல் இறங்கும் தாங்கு வேர்கள் கரைமண்ணை இறுகப் பிடிக்கும். அப்படி இலவசமாகக் கரை காத்த புதர்களை வெட்டிவிட்டு, அங்கே நாம் சிமென்ட் சுவர் எழுப்புகிறோம்!

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் வயல் வரப்புகளில் நிற்கும் இதே தாழை பலருக்குப் பிழைப்பு. பூவைச் செப்புப் பானையில் வேகவைத்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் எடுக்கிறார்கள். பிரியாணியில் தெளிக்கும் கேவ்ரா நீரும் இந்தப் பூவிலிருந்து வருவதுதான். நம்மூரில் அதற்குக் கிடைத்தது, சிவனிடம் பொய்ச்சாட்சி சொன்னது என்ற புராணப் பழி. சிவபூஜைக்கு ஆகாது என்று ஒதுக்கினோம். உத்தரகோசமங்கைச் சிவன் கோயில் இதற்கு விலக்கு.

பாம்பு பயம்? வாசனைக்குப் பாம்பு வருகிறது என்பதை நான் நம்பவில்லை. அடர்ந்த புதரில் எலியும் தவளையும் இருந்தால் பாம்பும் வரத்தான் செய்யும். காய்ந்த ஓலைகளைக் கழித்து அடியைத் துப்புரவாக வைத்தால் போதும். ஓலையின் இரு விளிம்பிலும் நடுநரம்பின் அடியிலும் முள் உண்டு; கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நடைபாதையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நடுங்கள். பூவை அதிகாலையிலேயே அறுத்துவிடுங்கள், வெயில் ஏறினால் மணம் குறையும்.