தளம் சுமக்கும் பாரம்

கோவையின் புறநகர்களிலும் திருப்பூரின் சந்துகளிலும், குடியிருப்பதற்கென்று கட்டிய வீட்டின் மேல்மாடியைச் சில ஆண்டுகள் கழித்துத் தையற்கூடமாகவோ பனியன் துணி அடுக்கும் கிடங்காகவோ மாற்றிக்கொள்ளும் வழக்கம் கொங்கு நாட்டாரின் உழைப்புக்கும் ஊக்கத்துக்கும் சாட்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தத் தளம் எந்த உபயோகத்தை உத்தேசித்து அமைந்தது என்று விசாரியாமலே மாற்றிவிடுவது பெரும் அபாயத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

ஒவ்வொரு தளமும் இருவகைப் பாரங்களைத் தாங்குகிறது. தன் சொந்த எடை என்றும் மாறாதது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமொன்று சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் கனக்கும். மனிதர், மரச்சாமான், இயந்திரம், சரக்கு ஆகியவற்றின் பாரமோ இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் இருப்பது. அதை முன்கூட்டி அளந்தறிய வழியில்லாமையால், உபயோகத்துக்குத் தக்கபடி இவ்வளவு கொள்க என்று இந்தியத் தர நிர்ணயம் 875-இன் இரண்டாம் பகுதி விதிக்கிறது. வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ; இலேசான இயந்திரங்கள் ஓடும் தொழிற்கூடத்துக்கு 500; கிடங்குக்குக் குறைந்தபட்சம் 750. 170 கிலோ எடையுள்ள பஞ்சுப் பேல் அரைச் சதுர மீட்டர் அளவே இடம் கொள்ளுமாகையால், மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அங்கே பாரம் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவை எட்டிவிடும்.

மொட்டை மாடியின் கதையும் இதுவே. மக்கள் ஏறி நடமாடும் மாடிக்கு விதித்த அளவு சதுர மீட்டருக்கு 150 கிலோ. சிறுவாணித் தண்ணீர் வராத நாள்களுக்கென்று நாம் ஏற்றிவைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியோ நிறைந்தால் ஒரு டன். அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் மேலே அமர்த்துவதே முறை. பாரம் அப்போது தளத்தை வளைக்காமல் நேரே கீழிறங்கும்.

பல மாடிகளிலும் ஒரே சமயத்தில் முழுப் பாரமும் ஏறுவது அரிது என்பதால், ஐந்து முதல் பத்துத் தளங்களைத் தாங்கும் தூணுக்கு இந்த மாறும் பாரத்தில் 40 சதவிகிதம் வரை குறைத்துக் கணக்கிட விதி இடம் தருகிறது. கிடங்குகளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே குடியிருப்பு கிடங்காகும்போது தளம் மட்டுமன்றித் தூணும் அஸ்திவாரமும் சேர்ந்தே சோதனைக்கு உள்ளாகின்றன.

வங்கதேசத்தின் சாவர் நகரில் கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமென எழுந்த ராணா பிளாசா, அனுமதியின்றி உயர்ந்த மேல்மாடிகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் கனத்த ஜெனரேட்டர்களையும் சுமக்க மாட்டாமல் 2013 ஏப்ரல் 24 அன்று சரிந்து, 1,100-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டது. விரிசல்கள் முந்தின நாளே தென்பட்டிருந்தன. அப்படியிருந்தும் தொழிலாளரை உள்ளே அனுப்பினார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது.

நம் ஊர்த் தொழில் முனைவோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: மாடியில் ஓர் இயந்திரத்தை ஏற்றுமுன் கட்டடத்தின் வரைபடத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள்; தளத்தின் வலு போதாது என்று அவர் சொன்னால், கனத்த சரக்கைத் தரைத்தளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.