ஊர்கூடி உலை வைப்போம்



வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நம் மாவட்டத்துக் கரை முழுவதும் மீன் ஏறுகிறது. சாளை, நெத்திலி, காரல், சூடை, விளமீன் என்று கூடை கூடையாக ஏலத்துக்குப் போகிறது. முத்துக் குளித்துப் பேர் வாங்கிய கடல் இது. கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. ஆனால் கடல் கொடுப்பதை நிறுத்திவிடவில்லை. மேற்கே கரிசல் காட்டில் கம்பும் உளுந்தும் பாசிப்பயறும் விளைகின்றன. தேரிக்காட்டில் பனையும் முருங்கையும் நிற்கின்றன.

இவ்வளவு இருந்தும் நம் பெண்களுக்கு ரத்தம் போதவில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை உள்ள தாய்க்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. பிறக்கிற பிள்ளையும் எடை குறைந்து பிறக்கலாம்.

காரணம் வறுமை மட்டுமா? இல்லை. நல்ல மீன் ஏலத்துக்குப் போகிறது. வீட்டுக்கு வருவதில் ஆண்களுக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பங்கு. சட்டியில் மிஞ்சுகிற குழம்பும் பழைய சோறும் தாய்க்கு. இந்த வழக்கத்தை மாற்ற ஒரு வீட்டால் முடியாது என்று தோன்றலாம். பத்து வீடு சேர்ந்தால் முடியும். அதற்கு நல்ல வழி கூட்டுச் சமையல்.

கூட்டுச் சமையல் நமக்குப் புதிதல்ல

கோயில் கொடையில் ஊரே சேர்ந்து பொங்கிப் போடுகிறோம். ஆலயத் திருவிழாவில் அசனம் வைக்கிறோம். காயல்பட்டினத்தில் நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு சேர்ந்த அந்தக் கஞ்சி சத்தான உணவு. அடுப்பு மூட்டவும் அளந்து போடவும் பந்தி வைக்கவும் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கும் திட்டத்தைக் காமராசர் 1956இல் தொடங்கிவைத்தது நம் மாவட்டத்து எட்டயபுரத்தில்தான். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 1989 முதல் முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பல ஊர்களில் அதைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர், அதாவது உங்களைப் போன்ற தாய்மார்கள்.

இன்னொன்றும் நினைவுகொள்ளத்தக்கது. 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் நடத்திப் பார்த்தார்கள். பிறகு திருநெல்வேலி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு வந்தது. அப்போது தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1986இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று.

அந்தத் திட்டத்தில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எல்லாருக்கும் உணவு கொடுக்கவில்லை. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்து உருண்டை கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். “ரெண்டு கை கூடக் கொடுத்தா பிள்ளை தேறிருதே!” என்று தாய் தன் கண்ணால் காண வேண்டும் என்பதே நோக்கம். மாதர் பணிக்குழுக்கள் ஊரில் சமையல் செய்து காட்டின. கடுமையான சத்துக்குறைவு அந்த ஊர்களில் குறைந்தது. கொடுத்த உணவைவிடக் கற்ற பாடமே நிலைத்தது.

யாருக்கு எவ்வளவு?

கர்ப்பிணித் தாய்: வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். காப்பி, டீயோடு மாத்திரை போடாதீர்கள். ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். நெல்லிக்காய், எலுமிச்சைச் சாறு, கொய்யா சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும்.

பால் கொடுக்கும் தாய்: முதல் ஆறு மாதம் கர்ப்ப காலத்தைவிடவும் அதிக உணவு தேவை. இரண்டு வேளை கூடுதலாகச் சிறிது சிறிதாகச் சாப்பிடலாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

குழந்தை: ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் மசித்த உணவு தினம் 2 அல்லது 3 தடவை. 9 மாதத்திலிருந்து 3 அல்லது 4 தடவை. ஒரு வயதில் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம்வரை. இரண்டு வயதுவரை தாய்ப்பாலும் தொடரட்டும்.

“சொல்லுதாகளே, அது நெசமா?”

“நெறைய சாப்பிட்டா பிள்ளை பெருசாயி பிரசவம் கஷ்டமாயிரும்னு மாமியார் சொல்லுதாக.”
பயம் வேண்டாம். குறைவாகச் சாப்பிட்டால் பிள்ளை இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்து பிறக்கலாம். அப்படிப் பிறந்த பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

“மாத்திரை சாப்பிட்டா பிள்ளை கறுப்பாப் பெறக்குமாமே?”
பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை. தாய்க்கு மலம் கறுப்பாகப் போகும். அது கெடுதல் அல்ல.

“சின்னப் பிள்ளைக்கு மீன் கொடுத்தா கரப்பான் வரும்லா?”
எல்லாப் பிள்ளைக்கும் வராது. சாளையையோ காரலையோ அவித்து, முள்ளைக் கவனமாக எடுத்து, ஒரு விரலளவு சோற்றோடு மசித்துத் தொடங்குங்கள். ஒத்துக்கொண்டால் கூட்டுங்கள். தடிப்பு வந்தால் நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

“காரல் சொதி குடிச்சா பால் ஊறும்னு பாட்டி சொல்லுதா.”
பாட்டி சொல்வதைக் கேளுங்கள். காரல் நல்ல உணவு, விலையும் குறைவு. ஆனால் பிள்ளை அடிக்கடி சப்பிக் குடித்தால்தான் பால் பெருகும். இரண்டும் நடக்கட்டும்.

கூட்டுச் சமையல் நடத்துவது எப்படி?

மாதம் ஒரு நாள் வையுங்கள். அங்கன்வாடியில் எடை போடும் நாளே வசதி. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறு பிள்ளை உள்ளவர்கள் என 20 பேர் சேரலாம். மாமியார்களையும் கணவன்மார்களையும் அவசியம் கூப்பிடுங்கள். உலையில் என்ன போட வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தானே!

20 பேருக்கு: அரிசி 2 கிலோ, பருப்பு 600 கிராம், ஆய்ந்த முருங்கைக்கீரை 1 கிலோ, சாளை அல்லது நெத்திலி 2 கிலோ, தேங்காய் 2, எலுமிச்சை 5. ஒரு வீட்டார் அரிசி, ஒரு வீட்டார் கீரை, கடலுக்குப் போகும் வீட்டார் மீன் என்று பங்கு போட்டுக்கொண்டால் யாருக்கும் பாரம் இல்லை.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. காய், கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும்.
2. கஞ்சி வடிக்காமல் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். வடித்தால் அந்தக் கஞ்சியைக் குழம்பிலோ சொதியிலோ சேர்த்துவிடுங்கள்.
3. கீரையை மூடிப் போட்டுச் சிறிது நேரமே வேகவிடுங்கள். கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர்த்தால்தான் கீரையின் ‘ஏ’ சத்து உடலில் சேரும்.
4. நெத்திலியைப் பெரியவர்கள் முள்ளோடு சாப்பிடலாம். அந்த முள்ளில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.
5. காரம் போடும் முன்னே பிள்ளைக்குத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு உப்பும் வேண்டாம்.
6. சமைப்பவரும் ஊட்டுபவரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அன்றைக்கே கஞ்சி மாவும் தயாரிக்கலாம். கேழ்வரகு அல்லது கம்பு 1 கிலோ, பாசிப்பயறு 400 கிராம் இரண்டையும் ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்து வறுங்கள். பூஞ்சை பிடிக்காத நிலக்கடலை 200 கிராம் வறுத்துத் தோல் நீக்கிச் சேர்த்து அரைத்துச் சலியுங்கள். முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி அதிகம் இறுகாது. எனவே கொஞ்சம் கஞ்சியிலேயே நிறைய மாவு உள்ளே போகும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. சிறு பிள்ளைக்கு இனிப்பு வேண்டுமானால் வாழைப்பழத்தை மசித்துச் சேருங்கள்.

சமையல் முடிந்ததும் தாய்மார்களுக்கு முதல் பந்தி. கணவன்மார் பரிமாறட்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஊர் பார்க்க நடந்த காரியம் மறுநாள் வீட்டிலும் நடக்கும்.

உப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை

உப்பளத்தில் வேலை பார்க்கும் குடும்பங்கள் அங்கிருந்தே கல்லுப்பை அள்ளிவந்து சமைப்பது வழக்கம். “கடல் உப்புத்தானே, எல்லாச் சத்தும் இருக்கும்” என்று எண்ண வேண்டாம். பாத்தியில் விளையும் உப்பில் அயோடின் மிகக் குறைவு. கர்ப்பிணிக்கு அயோடின் போதாவிட்டால் வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கக்கூடாது என்று 2006இல் சட்டமே வந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் உப்புக் கொடுக்கும் தூத்துக்குடிக்காரர் வீட்டில் அயோடின் உப்பு இல்லாமல் இருக்கலாமா? அதை மூடிய டப்பாவில் வையுங்கள். அளவாகவே போடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, போதும்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கையில் காசும் இருக்காது, மீன் விலையும் ஏறும். அந்த 61 நாளைக்கு முன்கூட்டியே பயறும் கஞ்சி மாவும் சேர்த்து வையுங்கள். முட்டை வாங்குங்கள். கருவாட்டை ஊறவைத்து உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ள கர்ப்பிணிகள் கருவாட்டைத் தவிர்க்க வேண்டும்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை

கறிக்கு மீன் எடுக்கும்போது மனைவிக்கென்று நாலு சாளை கூட எடுத்துவாருங்கள். “நீ சாப்பிட்டியா?” என்று கேட்பதோடு நிற்காமல் பக்கத்தில் உட்காரவைத்துச் சேர்ந்து சாப்பிடுங்கள். தண்ணீர்க் குடத்தை ஒரு நாளைக்கு நீங்கள் எடுத்தால் குறைந்துவிடாது. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் மூன்று வருடமாவது இடைவெளி இருந்தால்தான் தாயின் உடம்பில் இழந்த ரத்தம் மறுபடி ஊறும். அதற்கான வழிகளை இருவரும் சேர்ந்து வந்து கேளுங்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் தாமதமின்றி மருத்துவமனைக்கு வர வேண்டும். அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவு தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. வீட்டில் எல்லாருக்கும் பகிர்ந்தால் யாருக்கும் பயன் இல்லை. மாதந்தோறும் பிள்ளையை எடை போடுங்கள். எடை ஏறாவிட்டால் அடுத்த மாதம்வரை காத்திராமல் அன்றைக்கே காரணம் கேளுங்கள்.

கொடைக்கும் அசனத்துக்கும் ஏறுகிற அதே பெரிய பானை, மாதம் ஒரு நாள் நம் தாய்மாருக்காகவும் அடுப்பில் ஏறட்டும்!